பழைய கோடைப் படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தல்: எங்கள் வளவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் கரண்ட் வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பிள்ளைகளின் அழுகையை நிறுத்த மடிக்கணினியின் பற்றரியில் ஒரு படம் போட்டேன். அப்படித் தொடங்கியது இது. பிறகு ஒரு பழைய புரொஜெக்டர் வந்தது, அப்பாவின் வெள்ளை வேட்டி திரையானது. இப்போது ஒவ்வொரு ஆகஸ்ட் விடுமுறைக்கும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வளவில் பழைய ஆங்கிலப் படங்கள் ஓடுகின்றன. வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோவதால் எழுதி வைக்கிறேன்.

கோடைப் படம் என்கிறீர்கள். எங்களுக்கு வருடத்தில் முக்கால்வாசியும் கோடைதானே?

இது அமெரிக்கக் கணக்கு. அங்கே ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை பள்ளிக்கூடம் இல்லை. 1975 ஜூன் 20ஆம் திகதி ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' நானூறுக்கு மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியானது. அதற்கு முன் பெரும்பாலான படங்கள் இரண்டு மூன்று நகரங்களில் தொடங்கி, ஆட்கள் கதைத்துக் கதைத்து மெல்லப் பரவும். இதற்கோ தொலைக்காட்சியில் விளம்பரத்தை அள்ளிக் கொட்டி, எல்லா ஊரையும் ஒன்றாக இழுத்தார்கள். 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' வந்து கோடை வசூலை இன்னும் பெரிதாக்கியது. அதிலிருந்து பெரிய படம் என்றால் மே, ஜூன், ஜூலை என்றாகிவிட்டது.

எங்கள் விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். ஆகஸ்டில் சோளகம் வீசும், பனம்பழம் விழும், நல்லூரில் கொடி ஏறியிருக்கும். அதுதான் எங்கள் படக்காலம். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' டிசம்பர் மாதப் படமாயிற்றே என்று ஒரு தம்பி பிழை பிடித்தார். உண்மைதான். ஆனால் வளவு எங்களுடையது, சேர்த்துக்கொண்டோம்.

ஒருக்கால் பார்த்த படத்தை ஏன் திரும்பப் பார்க்க வேண்டும்? முடிவு தெரியுமே?

உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் வயது ஆட்கள் பலருக்கும் தெரியாது.

1995 தொடக்கம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19 வரைதான் தாங்கியது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் அப்போது ஐந்தாவது வருடம். படம் பார்ப்பதென்றால் ஒழுங்கையில் காசு சேர்த்து ரிவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். எங்களுக்கு அதைக் கொண்டுவருகிறவரை டெக் அண்ணை என்போம். ஜெனரேற்றரைக் கொஞ்சம் பெற்றோல் காட்டி உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார். ஒரு இரவுக்கு மூன்று படம் என்று பேச்சு. முதல் இரண்டும் பெரியவர்களுக்கு, கடைசிதான் எங்களுக்கு. அன்றைய கடைசிப் படம் 'ஜுராசிக் பார்க்'.

எனக்குப் பன்னிரண்டு வயது. பாயில் முன்வரிசை. சமையலறைக்குள் இரண்டு பிள்ளைகள் ஒளிந்திருக்க, அந்தக் குட்டி டைனோசர்கள் கதவுக் கைபிடியைத் திறந்துகொண்டு உள்ளே வருகின்றன. நகத்தால் தரையைத் தட்டுகிறது ஒன்று. அப்போது ஜெனரேற்றர் இருமியது. ரிவியில் படம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது.

அந்த ஒக்டோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்தது. டெக் போன இடமும் தெரியாது, கசெற் போன இடமும் தெரியாது. ஆகவே, எங்களில் பலருக்குத் திரும்பப் பார்ப்பது என்றால் பாதியில் விட்டதைப் பார்த்து முடிப்பது. முழுதாகப் பார்த்தவர்களும் எதைப் பார்த்தார்கள்? பதினான்கு இஞ்சித் திரையில், பிரதிக்குப் பிரதி எடுத்துச் சாயம் போன கசெற்றில் பார்த்தார்கள்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் 'ஜாஸ்'. தயங்க வேண்டாம்.

இயந்திரச் சுறா ஒன்றைச் செய்து கடலுக்குள் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அது படுத்துவிட்டது. 55 நாளில் முடிக்க நினைத்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா வேலை செய்யாதபடியால் சுறாவைக் காட்டாமலே பயமுறுத்த வேண்டியதாயிற்று. செட்டை, தண்ணீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய், ஜோன் வில்லியம்ஸின் இரண்டே சுரம். சுறாவை நன்றாகப் பார்க்க ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

குருநகரிலிருந்து வந்த கடற்தொழில் செய்யும் மாமா ஒருவர் சுறாவுக்குப் பயப்படவேயில்லை. படகில் கயிறு கட்டுவதைக் கண்டுதான் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மூன்று ஆண்களும் இரவில் படகின் உள்ளே உட்கார்ந்து உடம்பிலுள்ள தழும்புகளைக் காட்டிக் கதைக்கும் காட்சி வந்ததும், மனுசன் அசையாமல் இருந்தார். முடிந்ததும், "கடலில இரவு இப்படித்தான் கதைக்கிறது" என்றார். இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை. நல்லூர்த் திருவிழா நாட்களில் இதைப் போடாதீர்கள். சுறா என்றதும் எங்கள் ஆட்களுக்கு வறை நினைவுக்கு வரும். இருபத்தைந்து நாள் மரக்கறியோடு இருக்கிறவர்களைச் சோதிப்பது பாவம்.

இப்போதைய பிள்ளைகள் பழைய கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

சில படங்களுக்குச் சிரிப்பார்கள். 'ஜுராசிக் பார்க்' அந்தச் சோதனையில் தேறிவிடும். 1993இல் வந்த அந்தப் படத்தில் டைனோசர்கள் தோன்றும் நேரம் மொத்தம் கால் மணித்தியாலம் அளவில்தான். அதிலும் கணினியில் செய்தது ஆறு நிமிடம் மட்டில். மிச்சம் ஸ்டான் வின்ஸ்டனின் ஆட்கள் செய்த உண்மையான உருவங்கள். மழைக் காட்சியில் அந்தப் பெரிய டி-ரெக்ஸின் தோல் தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகி உதறத் தொடங்கிவிட, துவாயால் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். பாரமான ஒன்று அங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

எங்கள் வளவில் எல்லாரும் மூச்சைப் பிடிக்கும் இடம் வேறு. காரின் முன்பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை. தூரத்தில் தடம் வைக்கிற அதிர்வில் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. அந்த வட்டத்தை வரவழைக்கத்தான் பெரும்பாடு பட்டார்களாம். கடைசியில் காருக்கு அடியில் ஒரு கிற்றார் நரம்பைக் கட்டி, ஒருவர் அதைச் சுண்டிவிட்டார். இதைச் சொன்ன அன்று பெறாமகன் வீணைக்காரப் பெரியம்மாவிடம் ஓடி, ஒரு தம்ளர் தண்ணீரோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினான். வட்டம் வரவில்லை. பெரியம்மாவுக்குக் கோபம் மட்டும் வந்தது.

1978 சூப்பர்மேன் இழுவை இல்லையா?

இழுவைதான். 143 நிமிடம். அதில் அவர் நீல உடுப்போடு பறந்து வந்து முதல் ஆளைக் காப்பாற்றவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். தேத்தண்ணியை அந்த நேரத்தில் கொடுத்து முடித்துவிடுங்கள்.

ஆனால் ஒரு காட்சிக்காகவே அதைத் திரும்பப் பார்க்கலாம். காதலி லோயிஸின் வீட்டில், அவள் உள்ளே போன நேரம், தான் சூப்பர்மேன் என்பதை மறைத்துக் கண்ணாடி போட்ட நிருபராக நிற்கும் கிறிஸ்தோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றுகிறார். கூனிய முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்லப் போகிறார். அடுத்த கணம் மனம் மாறி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பச் சுருங்கிவிடுகிறார். வெட்டில்லை, கிராபிக்ஸ் இல்லை. "கண்ணாடி போட்டால் ஆளைத் தெரியாதா?" என்று நக்கலடிப்பவர்கள் இந்த இடத்தில் வாயை மூடுவார்கள். சின்னனில் இதை நான் கவனித்ததேயில்லை. பறப்பு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே இயங்க முடியாமல் போனார். 2004இல் காலமானார்.

எந்த பேட்மேன்?

1989இல் டிம் பேர்ட்டன் எடுத்ததும் 2008இல் நோலன் எடுத்ததும். இடையில் 1997இல் வந்த ஒன்றை எங்கள் வளவில் இருபது நிமிடத்தில் நிறுத்தினோம். மனு கொடுத்து நிறுத்தச் சொன்னவர்கள் பிள்ளைகள்.

1989 படத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மைக்கேல் கீற்றன் ஒருபோதும் தலையை மட்டும் திருப்ப மாட்டார். நெஞ்சோடு சேர்த்து மொத்த ஆளும் திரும்புவார். அந்த முகமூடி கழுத்தோடு ஒட்டிய ஒரே ரப்பர், திரும்ப ஏலாது. அதையே ஒரு கம்பீரமாக்கிவிட்டார். 2008 படத்தில் தலையைத் திருப்பக்கூடிய உடுப்பு வேண்டும் என்று பேட்மேனே கேட்டு வாங்குகிறார்.

'த டார்க் நைட்' 2008 ஜூலை 18இல் வந்தது. அப்போது யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. சாமான் கப்பலில், இரவில் ஊரடங்கு. எங்களுக்கு வந்த சீடி யாரோ தியேட்டருக்குள் கமெராவைக் கொண்டுபோய்க் களவாக எடுத்தது. பாதிப் படம் கறுப்பு. நடுவில் ஒருவர் எழும்பிப் போவார், அவருடைய தலை ஜோக்கரை மறைத்துவிடும். அந்தத் தலையும் படத்தில் ஒரு பாத்திரம் மாதிரி என் நினைவில் இருந்தது. நல்ல பிரதியில் பார்த்தபோதுதான், கறுப்பாய் இருந்த இடத்தில் ஒரு முழுத் தெரு இருந்ததும், அதில் ஒரு பெரிய லொறி மூக்குக் குத்தித் தலைகீழாய்ப் புரண்டதும் தெரிந்தது. சிக்காகோத் தெருவில் உண்மையாகவே புரட்டியிருக்கிறார்கள். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டார். அடுத்த வருடம் ஒஸ்கார் கிடைத்தது.

ஸ்பைடர்மேன் முதலாவதா, இரண்டாவதா?

மனசுக்கு முதலாவது, படமாக இரண்டாவது.

முதலாவதின் கதை எங்களுக்கு வேறு. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது, மே 3இல் அந்தப் படம் வந்தது. பாதை வழியாக வந்த சாமான்களுக்குள் சீடியும் இருந்தது. தொண்ணூறில் நின்றுபோன உலகம் ஒரே கிழமையில் வந்து இறங்கின மாதிரி இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாக ஏந்திப் பிடிக்கும் காட்சி கிராபிக்ஸ் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். டோபி மக்வயர் நூற்றைம்பது தடவைக்கு மேல் முயன்று உண்மையாகப் பிடித்தது.

2004இல் வந்த இரண்டாவது படத்தைப் பெரியவர்கள் திரும்பப் பாருங்கள். பையன் வாடகை கட்டவில்லை. வேலை போகிறது. சலவை இயந்திரத்தில் தன் உடுப்பைப் போட்டதில் சாயம் கழன்று மற்ற வெள்ளைத் துணியெல்லாம் சிவப்பும் நீலமுமாகிவிடுகிறது. இருபத்தொரு வயதில் இதைப் பகிடி என்று நினைத்தேன். நாற்பதில் பார்க்கும்போது பகிடியாகத் தெரியவில்லை.

ரயில் காட்சி முடிவில், முகமூடி இல்லாமல் மயங்கி விழுகிறவனைப் பயணிகள் தலைக்கு மேலே கைக்குக் கை மாற்றிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். ஒருவர், இவன் ஒரு சின்னப் பெடியன்தானே என்கிறார். எங்கள் வளவில் அந்த இடத்தில் யாரும் கச்சான் உடைப்பதில்லை.

அவெஞ்சர்ஸ் வரிசையில் இருபதுக்கு மேற்பட்ட படம் இருக்கிறதாமே. எல்லாவற்றையும் பார்த்தால்தான் விளங்குமா?

வேண்டாம். 2008 'அயன் மேன்', 2012 'அவெஞ்சர்ஸ்'. இரண்டு போதும். 'எண்ட்கேம்' பார்க்கத்தான் வேண்டும் என்றால் 181 நிமிடம், விடிவதற்குள் முடியும். அது அமெரிக்காவில் வந்தது 2019 ஏப்ரல் 26. ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள். எங்கள் வீட்டில் எவரும் தியேட்டரைப் பற்றி நினைக்கவில்லை.

குண்டுச் சத்தம் உள்ள படங்களை வீட்டுப் பெரியவர்களோடு பார்க்கலாமா?

கேட்கத் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. நான் பிழை விட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

'அயன் மேன்' தொடக்கம் நினைவிருக்கும். வாகனத்தில் பாட்டு, சிரிப்பு, படம் பிடிக்கிறார்கள். திடீரென்று முன்னால் போன வண்டி வெடிக்கிறது. டோனி ஸ்டார்க் ஓடிப்போய் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளிகிறான். பக்கத்தில் ஒரு ஏவுகணை வந்து விழுகிறது. அதில் எழுதியிருப்பது அவனுடைய கொம்பனியின் பெயர். வாங்கிய புதுப் பேஸ் பெட்டியின் பெருமையில் நான் சத்தத்தை முழுதாக வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமி எழும்பி, "தேத்தண்ணி வைக்கிறன்" என்று உள்ளே போனவ. படம் முடியும்வரை வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பு மூட்டவேயில்லை. சுவரோரமாக, ஜன்னலுக்கு விலகி உட்கார்ந்திருந்தா. செல் அடித்த காலத்தில் எப்படி இருப்பார்களோ, அப்படியே.

இப்போது முதலே சொல்லிவிடுவோம்: இத்தனையாவது நிமிடத்தில் வெடிக்கும், வேண்டாதவர்கள் அப்போது உள்ளே வாருங்கள், வடை சுடுகிறோம் என்று. பேஸைக் குறைத்தாயிற்று.

சத்தமே இல்லாத இடங்களும் தைக்கும். 2000ஆம் ஆண்டு 'எக்ஸ்-மென்' தொடக்கத்தில் 1944, போலந்து, மழை. முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தாய் தகப்பனைக் கொண்டுபோகிறார்கள், இந்தப் பக்கம் பையன் கை நீட்டுகிறான், இரும்புக் கேற் வளைகிறது. அவன்தான் பிறகு வில்லன் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பெரியவர்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

தமிழில் பார்ப்பதா, ஆங்கிலத்தில் பார்ப்பதா?

பத்து வயதுக்குக் கீழே என்றால் தமிழ். அதற்கு மேல் ஆங்கிலம். தமிழ்க் குரல் எல்லாம் சென்னைத் தமிழ். ஒரு விடுமுறை முடிவதற்குள் வீட்டில் சின்னவன் "கலாய்க்காதே" என்று சொல்லத் தொடங்கினான். அம்மம்மா அதைக் கலியாணம் என்று விளங்கிக்கொண்டு, "உனக்கு இப்ப என்ன அவசரம்" என்று கேட்டா.

எழுத்தோடு போடலாமே என்பார்கள். சோளகத்தில் வேட்டி படபடக்கும்போது எழுத்தை வாசிக்க முயன்று பாருங்கள்.

எங்கள் வீட்டிலும் போட ஆசை. என்ன வேண்டும்?

புரொஜெக்டர், வேட்டி, நாலு செங்கல். வேட்டியின் கீழ்க்கரையில் ஒரு மூங்கில் தடியைச் செருகி இரண்டு பக்கமும் செங்கல்லில் கட்டினால் காற்றுக்கு நிற்கும். ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள், வெளிச்சம் போயிராது. நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடலாம், ஆனால் புரொஜெக்டருக்குக் காற்றுவாக்கில் வேண்டாம். அது தன்னுடைய இன்னொரு படத்தைக் காட்டத் தொடங்கிவிடும். கொறிக்கக் கச்சான். பனங்காய்ப் பணியாரம் செய்ய ஆள் இருந்தால் கூட்டம் தன்பாட்டில் வரும்.

ஜுராசிக் பார்க் முடிவைக் கடைசியில் பார்த்தீர்களா?

2003இல், டிவிடியில், தனியாக.

அன்று ஜெனரேற்றர் நின்றதும் நாங்கள் போட்ட சத்தத்தில் டெக் அண்ணைக்கு வேறு வழியிருக்கவில்லை. இருட்டில் பாயில் எங்களை இருத்தி, மிச்சக் கதையைத் தானே சொன்னார். பிள்ளைகள் இரண்டும் ஒரு குளிர் அறைக்குள் ஓடி ஒளிக்கினம். தாடிக் கிழவர் தீவு முழுக்க நெருப்பு வைக்கிறார். பெரிய டைனோசர் கடலில் இறங்கி நீந்திப் போகிறது. எங்கே போகிறது என்று கேட்டோம். "ஆருக்குத் தெரியும்? இந்தப் பக்கமாவும் வரலாம்" என்றார். எட்டு வருடம் அதுதான் முடிவு என்று நம்பினேன். இடம்பெயர்ந்த இடத்தில் புதுச் சிநேகிதர்களுக்கு அதைத்தான் சொன்னேன்.

உண்மையான முடிவில் குட்டிகள் இரண்டும் எல்லாரையும் வளைத்து நிற்க, அந்தப் பெரியது திடீரென்று உள்ளே வந்து குட்டிகளைக் கவ்வுகிறது. மேலேயிருந்து ஒரு பதாகை மெல்ல விழுகிறது. மனிதர்கள் நழுவிவிடுகிறார்கள். நெருப்புமில்லை, நீச்சலுமில்லை.

போன ஆகஸ்டில் டெக் அண்ணை வளவுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கதிரை கொடுத்தும் பாயில்தான் இருப்பேன் என்றார். சமையலறைக் காட்சி வந்ததும் புரொஜெக்டரைத் திரும்பிப் பார்த்தார், நின்றுவிடுமோ என்பதுபோல. முடிந்ததும் கேட்டேன், "அண்ணை, அண்டைக்கு முழுப் பொய்யெல்லோ சொன்னனீங்கள்?"

"நானும் முடிவு பார்த்ததில்லையடா" என்றார். "எந்த வளவிலயும் எண்ணெய் அதுவரைக்கும் காணாது." கச்சான் கோதைத் தட்டிவிட்டு எழும்பினார். "ஆனா, நான் சொன்னதுதான் திறம்."